அன்று புரட்டாத கடைசிப் பக்கம்

சரித்திர நாவலோ சாகசக் கதையோ, எதை எடுத்தாலும் நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். நாயகன் பிழைப்பானா என்று தெரியாமல் என்னால் வாசிக்க முடியாது. என் கணவருக்கோ அந்தப் பதைப்புதான் கதையே. எங்கள் இருவருக்கும் பிடித்த நாவலாசிரியர் ஒரே ஆள்தான். சண்டை கடைசிப் பக்கத்தில் மட்டும்தான்.

கண்டி ஆஸ்பத்திரியில் கணவருக்கு இதய ஒப்பரேஷன். உள்ளே கொண்டுபோகும்போது, பாதி படித்த நாவலை என்னிடம் தந்தார். அதில் தளபதி கோட்டை மதிலிலிருந்து அகழிக்குள் குதித்திருந்தான்.

"முடிவப் பாத்துச் சொல்லிறாத. வந்து நானே படிச்சுக்கிறேன்."

கதவு மூடியது. மதியம் கடந்தும் திறக்கவில்லை. கேட்டபோதெல்லாம் நர்ஸ், "இன்னும் முடியல்ல, இருங்க" என்றாள். கெலிஓயா வீட்டுக்குத் தனியாகத் திரும்புவதை நினைத்துப் பார்த்தேன். பழக்கத்தில் விரல் கடைசிப் பக்கத்துக்குப் போனது.

தளபதி செத்திருந்தால்?

புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிறவள் நான். அன்று அதைக் கதிரையில் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் கண் திறந்தவர் மெல்லக் கேட்டார்.

"முடிவப் பாத்துட்டதானே?"

"இல்லைங்க."

அவர் நம்பவில்லை. இன்றும் சொல்லிச் சொல்லிக் கேலி செய்கிறார். செய்யட்டும். கேலி செய்ய ஆள் இருக்கிறாரே.