நிற்கும்போது எவ்வளவு குடிக்கும்?

சர்வீஸ் சென்டரில் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்? ஏசி போட்டால் எவ்வளவு குறையும்? விளம்பரத்தில் சொன்னது ஏன் கிடைக்கவில்லை? ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் தயாராகப் பதில் உண்டு. டயரில் காற்று, கியர் மாற்றுகிற விதம், படப்பை நெரிசல் என்று வரிசையாகச் சொல்லி அனுப்பிவிடலாம். இத்தனை வருடத்தில் ஒரே ஒருவர்தான் என்னிடம் வேறு மாதிரி கேட்டார்.

"மேடம், வண்டி ஓடாம நின்னுக்கினு கீது. ஏசி மட்டும் ஓடுது. ஒரு மணி நேரத்துக்கு எவ்ளோ குடிக்கும்?"

எனக்குப் பின்னால் இருந்த மெக்கானிக் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரகடம் சாலையில் இருக்கும் அந்தச் சென்டரில் நான் அட்வைசராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து படப்பையில் மூன்று பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தேன். எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்தவள் என்ற நினைப்பு இருந்த வயது. ஆனால் அவர் கேட்டதற்கு எந்தக் கையேட்டிலும் பதில் இல்லை.

அவர் தொழிற்சாலைச் சீருடையிலேயே வந்திருந்தார். சேரப்பணஞ்சேரிக்காரர். பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பம். நிலம் போனபிறகு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். அவருடைய சிறிய காரின் மீட்டரைப் பார்த்தேன். ஒன்றரை வருடத்தில் மற்றவர்கள் இரண்டு மாதத்தில் ஓட்டுகிற தூரம்கூட ஓடியிருக்கவில்லை. மைலேஜ் காட்டுகிற இடத்தில் நம்பவே முடியாத ஒரு சின்ன எண். யாராவது பெட்ரோல் திருடுகிறார்களா என்று கேட்டேன். அவர் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே கை காட்டினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த அந்தக் காரின் பின்னிருக்கையில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எம் பொண்ணு மேடம். அதுக்கு வேர்வ வராது. பொறந்ததுலருந்தே அப்டிதான்."

வேர்வை வராத உடம்பு என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெயில் ஏறினால் நமக்கு வேர்த்து உடம்பு ஆறிக்கொள்கிறது. அவளுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. சூடு உள்ளேயே நின்று காய்ச்சலாகும்; முற்றினால் வலிப்பு. வீட்டில் ஓர் அறைக்கு ஏசி வாங்கி மாட்டியிருந்தார். ஆனால் கோடையில் மின்சாரம் போகும், வந்தாலும் வோல்டேஜ் இருக்காது. அதனால்தான் கார். அவர் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்விடுவார். கார் வீட்டு வாசலில் புங்கமரத்தடியில் நிற்கும். மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சாவி போட்டு எஞ்சினைக் கிளப்பவும் ஏசியைத் திருகவும் மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தார். மின்சாரம் போனால் அம்மாவும் மகளும் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். அதை எப்படிச் சரிசெய்வது என்று தெரியாமல், நாமே சோதித்துப் பார்த்துவிடலாம் சார் என்றேன். பக்கத்து பெட்ரோல் பங்கில் டேங்க்கை விளிம்பு வரை நிரப்பினோம். வண்டியை எங்கள் யார்டில் வெயிலில் நிறுத்தி ஒரு மணி நேரம் ஏசியை ஓடவிட்டு, திரும்பப் போய் எவ்வளவு பிடிக்கிறது என்று பார்ப்பது. அந்த ஒரு மணி நேரமும் நான் பின்னிருக்கையில் அவளோடு உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு வயது. தொப்பிக்குள் முடி மிகக் கொஞ்சம். பற்கள் இரண்டு மூன்றுதான், கூராக இருந்தன. கழுத்தில் ஈரத் துண்டு. ஆனால் வாய் ஓயாது.

"அக்கா, நீங்க எந்த ஊரு? பேசறது ஒரு மாதிரி கீது."

சொன்னேன். அங்கே வெயில் எப்படி என்று கேட்டாள். இதைவிட அதிகம் என்றதும், "அப்ப நா அங்க வர மாட்டேன்" என்று தீர்மானமாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பாம்பு, ஓணான் எல்லாம் வெளியில் இருக்கும் சூட்டையே தன் உடம்புக்கும் வாங்கிக்கொள்ளும் என்று பாடம் நடத்தினார்களாம். "நானும் அந்த ஜாதிதான்னு மிஸ்ஸுகிட்ட சொன்னேன். மிஸ்ஸு அழுதுட்டாங்க. நா சிரிக்கத்தான் சொன்னேன்." சாலையில் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு ஒரு நீளமான லாரி போயிற்று. அவை எங்கே போகின்றன என்று கேட்டாள். ஊர் ஊராகப் போகும் என்றேன்.

"எங்க காரு எங்கயும் போவாது. அது எங்க வூட்ல இன்னொரு ரூம்பு."

ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்தது. அவர் அதைக் கேட்டுவிட்டு மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். முகம் தெளிந்தது. சமாளிக்கலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் வைத்து எஞ்சினை ஓடவிடாதீர்கள், எண்ணெயைச் சீக்கிரம் மாற்றுங்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பெரிய உதவி செய்துவிட்டவரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்து, "வரேன் மேடம்" என்றார்.

அடுத்த கோடையில், அக்கினி நட்சத்திரம் தொடங்கிய இரண்டாம் நாள், மறுபடி வந்தார். ஏசியில் சூடான காற்று வருகிறது என்றார். கழற்றிப் பார்த்ததில் காண்டன்சரில் ஓட்டை. வண்டியின் முகப்பில் ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அலுமினியத் தகடு அது. அதில் ஓட்டை விழுந்தால் கேஸ் முழுக்க இறங்கிவிடும். வாரண்டி இருந்தது. புதியது இலவசமாகக் கிடைக்கும். ஆனால் எங்கள் கையிருப்பில் இல்லை. வெளிமாநிலத்துக் கிடங்கிலிருந்து வர வேண்டும், இரண்டு மூன்று நாளாகும், அதுவரை வண்டி இங்கேயே இருக்கட்டும் என்றேன். அவர் விநோதமாகச் சிரித்தார்.

"மேடம், அந்தப் பார்ட்ட செய்யற லைன்லதான் நா நிக்கறேன். ஓட்ட கீதா இல்லியான்னு பாக்கறதே எவ் வேல."

எங்கள் சென்டரிலிருந்து அவருடைய கம்பெனி கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். அங்கே செய்யப்பட்ட தகடு லாரியில் ஏறி, எங்கோ போய், பெட்டிக்குள் புகுந்து, எண் ஒட்டப்பட்டு, திரும்ப இதே சாலைக்கு வர வேண்டும். சூப்பர்வைசரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். காசு கொடுத்தாலும் ஆளுக்கு விற்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். நாள் முழுக்க அவர் கையில் அந்தத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போய்க்கொண்டிருந்தன. வேலை முடிந்து வெளியே வரும்போது கேட்டில் உடம்பைத் தடவிப் பார்த்து அனுப்புவார்கள்.

மூன்று நாள் ஆறு நாளாயிற்று. என் கணினியில் 'வழியில் உள்ளது' என்றே காட்டியது. ஆறாம் நாள் மாலை ஷிப்ட் முடிந்து வந்து நின்றார். கண்கள் உள்ளே போயிருந்தன. இரண்டு நாள் லீவு போட்டு மகளுக்கு ஈரத் துணி போர்த்திக்கொண்டே இருந்ததாகச் சொன்னார். இனி லீவு போட்டால் வேலை இருக்காது.

"மேடம், கூட்ரோட்டாண்ட ஒருத்தன் அத வெல்டிங் வச்சி, கேஸ் ஏத்திக் குடுக்கறேன்றான். பார்ட் வர்ற வரிக்கும் ஓட்டலாம்ல? வூட்ல அதான் சொல்லிக்கினே கீறா. வண்டிய எடுத்துக்கினு போவட்டுமா?"

நான் சொன்னது எனக்கு ஒவ்வொரு வார்த்தையாக நினைவிருக்கிறது. "வெளிய கைவச்சா வாரண்டி போயிடும் சார். அப்புறம் புது பார்ட்டுக்கு நீங்கதான் முழுசா கட்டணும். நாளைக்கு இல்லன்னா நாளன்னிக்கு வந்துடும். பொறுத்துக்கோங்க."

அது பொய் இல்லை. விதி அதுதான். அதைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அவர் டிபன் பையைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "நீங்க எங்க நல்லதுக்குத்தான் சொல்லுவீங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

அப்போது எங்கள் வாசலில், வாங்க வருகிறவர்களை உட்காரவைத்து ஓட்டிக் காட்டுவதற்கென்று ஒரு கார் சும்மா நின்றிருந்தது. பனிக்கட்டி போல ஏசி. அதை இரண்டு நாளைக்கு அவர் வீட்டு வாசலில் நிறுத்தலாமா என்று மேனேஜரிடம் கேட்க நினைத்தேன். மேனேஜர் அறைக் கதவு வரைக்கும் போனேன். அந்த மாதம் எனக்குப் பதவி உயர்வு பேசிக்கொண்டிருந்தார்கள். எதையாவது கேட்டுப் பெயரைக் கெடுத்துக்கொள்வானேன் என்று திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எட்டாம் நாள் பகலில் சேரப்பணஞ்சேரியில் டிரான்ஸ்பார்மர் வெடித்து மின்சாரம் போயிற்று. குழந்தைக்கு முதல்நாளே உடம்பு சரியில்லை. அம்மா தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள். மாடித் தொட்டியில் தண்ணீர் கொதித்தது. குடத்தில் இருந்தது தீர்ந்தது. மோட்டார் போட மின்சாரம் இல்லை. கணவனுக்குப் போன் செய்துகொண்டே இருந்தாள். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அவருடைய போன் பூட்டிய அலமாரிக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. பக்கத்து வீட்டார் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் பக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் லாரிகள் நகராமல் நின்றன. ஆட்டோவிலேயே வலிப்பு வந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவள் இறந்துபோனாள்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. மறுநாள் காலை காண்டன்சர் வந்துவிட்டது. பெட்டியைப் பார்த்த சந்தோஷத்தில் நானே போன் செய்து, "சார், பார்ட் வந்துடுச்சு!" என்றேன். எடுத்தது அவருடைய மைத்துனர். "வண்டிக்கு இப்ப அவசரம் இல்லம்மா" என்றவர், நான் ஏன் என்று கேட்டதும் சொன்னார். நான் போனை வைத்துவிட்டு, முன்னால் காத்திருந்தவரிடம் அவர் வண்டியின் மைலேஜைப் பற்றிப் பேசினேன். என்ன பேசினேன் என்று தெரியாது. பேசினேன்.

பதினைந்து நாள் கழித்து வண்டியை எடுக்க வந்தார். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் எங்காவது போய் அழுதிருப்பேன். சில நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பார்கள். அவர் பத்துக்குப் பத்து கொடுத்திருந்தார். அட்வைசர் தெளிவாக விளக்கினாரா என்ற கேள்விக்கும் பத்து. எனக்குப் பதவி உயர்வு வந்தது. இப்போது எனக்குக் கீழே நாலைந்து பேர் இருக்கிறார்கள். வெளியே கொடுத்தால் வாரண்டி போய்விடும் என்பதை அவர்களுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வேறு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பதவி உயர்வு வருவதற்கு முன்பே, அவள் போய் ஒரு மாதம் ஆனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் பஸ் ஏறிச் சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். வாசலில் நின்று நான் பேசியதுமே அம்மாக்காரி என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீதான் அந்த ஆபீஸ் அக்காவா? பாப்பா சொல்லிக்கினே இருக்கும், பேச்சு வேற மாதிரி இருக்கும்னு."

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவர் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், மெய்யா சொல்லு. இந்தாளுகிட்ட தலபாடா அடிச்சிக்கினேன், ஆபீஸ் பேச்சக் கேக்காத, வெளிய குடுத்து ஒட்டி எடுத்துக்கினு வான்னு. கேக்கல. அன்னிக்கு ஒட்டியிருந்தா அது ஓடியிருக்குமா?"

நான்தான் வேண்டாமென்றேன் என்று சொல்வதற்காகத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். கதவோரம் குனிந்திருந்த தலையைப் பார்த்தேன்.

"இல்லக்கா. அது நிக்காது. ஏத்துன கேஸ் அன்னைக்கே இறங்கியிருக்கும்."

என்னைப் பிடித்திருந்த அவள் கை தளர்ந்தது. "அப்ப சரி" என்றாள். பிறகு தலையைத் திருப்பி அவரிடம், "வெயில்ல வந்துகீது. கடையாண்ட போயி ஜில்லுனு எதுனா வாங்கியா" என்றாள். அவர் திடுக்கிட்டு எழுந்தார். அந்த ஒரு மாதத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது என்று அவர் எழுந்த வேகத்தில் தெரிந்தது.

திரும்பும்போது பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார். நிறுத்தத்தில் நின்றதும், சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அந்த மாரி வெல்டிங் வச்சதெல்லாம் நா எத்தினியோ பாத்துகீறேன் மேடம். பதினஞ்சு நாள் தாங்கும்."

"தெரியும் சார்" என்றேன்.

"அவகிட்ட மட்டும் என்னிக்கும் சொல்லிடாதீங்க."

பஸ் வந்தது. அவரே கை காட்டி நிறுத்தினார்.