ஐம்பது மில்லிமீட்டர் சரி, நடு எங்கே?

1. பலகையில் இறங்கிய பத்து லாரிகள்

பத்து லாரிகளை உருட்டிப் பார்த்தார்கள். ஏழு, கோட்டைத் தாண்டிப் போய்விட்டன.

லாரி என்றால் மர லாரி. நீளம் இருபத்திரண்டு சென்டிமீட்டர், நான்கு சக்கரங்கள். பெங்களூர் அடுகோடியில் எங்கள் பட்டறைக்கு வந்த முதல் ஏற்றுமதி ஆர்டர் அது. மொத்தம் அறுநூறு லாரிகள், அதாவது இரண்டாயிரத்து நானூறு சக்கரங்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அதுவரை அந்தப் பட்டறையில் கட்டில் காலும் சப்பாத்திக் கட்டையும்தான் கடைந்துகொண்டிருந்தார்கள்.

நான் அங்கே சரக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன். அதற்கு முன்னால் ஓர் அரசுத் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடம் அளவைப் பிரிவில் இருந்தேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் நாற்பத்தொரு நாள் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் இருந்தவர்களால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பட்டறையில் சேர்ந்தேன். சட்டைப் பையில் எப்போதும் வெர்னியர் காலிப்பர் இருக்கும் என்பதால் எனக்கு ‘வெர்னியர் சார்’ என்று பெயர். கூப்பிடுகிறவர்கள் என் முதுகுக்குப் பின்னால்தான் கூப்பிடுவார்கள். ஆனாலும் எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

வாங்குகிற கம்பெனி சார்பில் சோதிக்க வந்த ஏஜெண்ட் மெட்ராஸ்காரர். ரகுபதி என்று பெயர். ஒரு பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேல் சாய்த்து வைத்தார். தரையில் சாக்பீஸால் மூன்று மீட்டருக்கு இரண்டு கோடுகள் போட்டார். பலகையில் விட்ட லாரி இரண்டு கோடுகளுக்கு நடுவிலேயே ஓடி முடிய வேண்டும். குழந்தை தள்ளினால் பொம்மை நேராகப் போக வேண்டும் என்பது வாங்குகிறவர்களின் ஒரே நிபந்தனை.

ஏழாவது லாரி கோட்டைத் தாண்டி அவருடைய செருப்பில் போய் முட்டியது.

“என்னம்மா, லாரியெல்லாம் குடிச்சிட்டு ஓடுதா?” என்றார் ரகுபதி.

பட்டறையின் முதலாளி சாவித்திரி அம்மா கன்னடக்காரர். எங்களோடு தமிழிலேயே பேசுவார். “பத்து நாள் டைம் குடுங்க சார். அதுக்குள்ள சரி பண்ணிடறோம்,” என்றார்.

“பதினோராம் நாள் வரேன். மறுபடியும் பத்து வண்டி எடுப்பேன். ஒண்ணு தாண்டினாலும் மொத்தச் சரக்கும் உங்களுக்கே.”

அவர் ஆட்டோ ஏறியதும் சாவித்திரி அம்மா கடைசல்காரர் கஜேந்திரன் பக்கம் திரும்பினார். “கஜேந்திரா, சக்கரம் எல்லாம் உன் கையிலேர்ந்து வந்ததுதானே? இந்த ஆர்டர் போச்சுன்னா நாம மறுபடி கட்டில் கால்தான். அதுக்கு உன் சம்பளத்துல பாதிக்கு ஆள் கிடைக்கும். பாத்துக்கோ.”

கஜேந்திரன் உளியைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

2. நான் கொடுத்த மெமோ

இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதாவிட்டால் மீதிக் கதைக்கு அர்த்தமில்லை.

தொழிற்சாலைப் பழக்கம் என்னை விடவில்லை. அன்று மதியமே தடித்த காகிதம் ஒன்றில் கஜேந்திரனுக்கு ஒரு மெமோ எழுதினேன். ‘தாங்கள் கடைந்த சக்கரங்கள் வட்டம் தப்பியிருப்பதால் சரக்கு திருப்பப்படும் நிலை ஏற்பட்டுள்ளது. மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.’ கீழே முழுக் கையெழுத்து.

கஜேந்திரன் ஸ்ரீராம்புரத்துக்காரர். எட்டாவது வரை படித்தவர். மெமோவை இரண்டு தடவை படித்தார்.

“இன்னா சார் இது, கோர்ட் நோட்டீஸா?”

“விளக்கம் கேட்டிருக்கேன். எழுத்துல பதில் வேணும்.”

“எழுத்துலதான் பதில் குடுப்பேன்னா நான் ஏன் சார் உளி புடிச்சிக்கினு நிக்கறேன்?”

நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லேத்துக்குப் போய்விட்டார்.

மெமோவை முதலில் கொடுத்துவிட்டு ஆதாரத்தைப் பிறகு தேடினேன். அந்த வரிசை தப்பு என்று அப்போது தோன்றவில்லை. வட்டம் தப்பிய சக்கரங்களைப் பொறுக்கி அவர் முன்னால் கொட்டவேண்டும் என்று நானூறு சக்கரங்களை எடுத்து ஒவ்வொன்றையும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை அளந்தேன். எண்ணூறு அளவுகள். அன்று மதியமும் மறுநாள் பகலும் அதிலேயே போயின. முந்நூற்றுத் தொண்ணூற்றொரு சக்கரங்கள் சரியாக ஐம்பது மில்லிமீட்டர். மற்ற ஒன்பதும் தலைமுடி அளவுதான் குறைவு. வட்டம் தப்பியது ஒன்றுகூட இல்லை.

கடைசலில் குற்றமே இல்லை. ஆனால் லாரி கோணலாக ஓடியது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

3. தனம்மாவின் சாக்பீஸ்

எங்கள் வேலை முறை இது. வெட்பாலை மரத்துக் கழியை லேத்தில் ஐம்பது மில்லிமீட்டர் உருளையாகக் கடைந்து, சுற்றும்போதே அரக்கு ஏற்றிச் சிவப்பாக்கி, தாழை மடலால் மெருகு போடுவார் கஜேந்திரன். பிறகு அதைக் கேரட் நறுக்குவதுபோல் வில்லைகளாக அறுப்பார்கள். கடைசியில் தனம்மா ஒவ்வொரு வில்லையையும் ஒரு மரக் கிண்ணத்தில் பதித்து வைத்து, டிரில்லை இறக்கி நடுவில் அச்சுத் துளை போடுவார்.

நான் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்ததைத் தனம்மா பார்த்தார்.

“வெர்னியர் சார்,” என்றார் நேராகவே. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். “சார், ஒண்ணு காட்டட்டா? கோவிச்சுக்கக் கூடாது.”

ஓர் அச்சுக் கம்பியை வைஸ் இடுக்கியில் இறுக்கினார். சக்கரத்தை அதில் மாட்டினார். விளிம்பை உரசுகிற மாதிரி சாக்பீஸை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். சக்கரம் நின்றதும் பார்த்தேன். வெள்ளைக் கோடு முழு வட்டமாக விழவில்லை. ஒரு பக்கம் மட்டும்தான் விழுந்திருந்தது.

“ஒரு பக்கம் மேல வருது, ஒரு பக்கம் கீழ போவுது,” என்றார்.

“இது ஐம்பது மில்லிமீட்டர் இருக்கேம்மா. நானே அளந்தேன்.”

“ஐம்பது இருக்கட்டும் சார். நடு எங்க இருக்கு?”

லேத்தில் நின்ற கஜேந்திரன் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. துளை போடும் கிண்ணத்தை எடுத்து வெர்னியரால் உள்விட்டம் அளந்தேன். ஐம்பத்தொன்று. ஐம்பது மில்லிமீட்டர் வில்லை அதற்குள் ஆடும். அரை மில்லிமீட்டர் ஒதுங்கி உட்கார்ந்தால் துளையும் அரை மில்லிமீட்டர் தள்ளி விழும். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கும். நான்கு சக்கரமும் நான்கு விதமாக ஏறி இறங்கினால் லாரி நொண்டத்தானே செய்யும்.

“கிண்ணத்துல வெச்சா ஆடுதுன்னு அன்னிக்கே சொன்னேனே சார்,” என்றார் தனம்மா. “‘சுலபமா உள்ள போகணும், வெளிய வரணும்மா, அதான்’னு நீங்கதான் சொன்னீங்க.”

கிண்ணத்தின் வரைபடம் நான் போட்டது. அந்த ஒரு மில்லிமீட்டரை விட்டவனும் நான்தான். வரைபடத்தின் மூலையில் என் கையெழுத்து இருந்தது. மெமோவில் இருந்த அதே கையெழுத்து.

சாவித்திரி அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

“இருபத்தொம்பது வருஷ சர்வீஸ் இல்லையா சார் நீங்க?”

“ஆமாம்மா.”

“ஆய்த்து, ஆனது ஆச்சு. இப்ப வழி சொல்லுங்க.”

4. துளையைப் பிடித்துக்கொண்டு கடைவது

வழியை நான் சொல்லவில்லை. நான் ஐம்பதே மில்லிமீட்டரில் புதுக் கிண்ணம் செய்து, புதிதாக இரண்டாயிரத்து நானூறு சக்கரம் கடையலாம் என்றேன். அதற்குக் காய்ந்த மரம் கையில் இல்லை. நாளும் இல்லை. ஒன்பது நாள்தான் மீதி.

கஜேந்திரன் ஒரு சக்கரத்தை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே பேசினார். “கட்டில் காலுக்குத் துளை கடைசில. அதையே சக்கரத்துக்கும் பண்ணிட்டோம், பழக்க தோஷம். கட்டில் கால் சுத்தாது சார், சக்கரம் சுத்தும். துளை எங்க இருந்தா இன்னா? அதான் போட்டாச்சே. நான் துளையப் புடிச்சிக்கினு வெளிய கடைஞ்சி குடுத்துட்டா?”

எனக்கு உடனே புரியவில்லை. அவர் செய்தே காட்டினார். அச்சுக் கனத்தில் ஓர் இரும்புக் கம்பியில் எட்டுச் சக்கரங்களைக் கோத்து நட்டு போட்டு இறுக்கினார். கம்பியை லேத்தில் ஏற்றி ஓடவிட்டார். சக்கரங்கள் முதலில் குடித்தவன் மாதிரி ஆடின. உளியை வைத்தார். தூக்கி நின்ற பக்கங்களிலிருந்து மட்டும் சிவப்புத் தூள் பறந்தது. பிறகு எல்லாப் பக்கங்களிலிருந்தும் வெள்ளைச் சுருள் வந்தது. ஆட்டம் நின்றுவிட்டது. எட்டும் ஒரே குழாய் போல அசையாமல் ஓடின.

துளை எங்கே இருந்ததோ அதுவே நடுவாகிவிட்டது.

வெர்னியரை எடுத்தேன். நாற்பத்தெட்டு. “வரைபடத்துல ஐம்பதுன்னு இருக்கே,” என்றேன்.

“ஐயோ சார்!” என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில். சாவித்திரி அம்மா மட்டும் உடனே போய் வாங்குகிற கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்பினார். மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது: நேராக ஓடினால் நாற்பத்தெட்டு எங்களுக்குச் சம்மதம்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. கடைந்த சக்கரங்களுக்கு மறுபடி சிவப்பு ஏற்றும்போது, சூட்டில் உருகும் அரக்கு பக்கத்துச் சக்கரங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்தது. நடுநடுவே கெட்டிக் காகித வளையங்கள் வேண்டும். என் வீட்டில் வந்த கல்யாணப் பத்திரிகை எதையும் நான் எறிந்ததில்லை. நூற்றறுபத்து நான்கு இருந்தன. எல்லாவற்றையும் கொண்டுவந்தேன். தனம்மாவும் மற்ற பெண்களும் முப்பது மில்லிமீட்டர் வளையங்களாக வெட்டினார்கள்.

“இந்தப் பொண்ணு பேரு நல்லா இருக்கு. மாப்பிள்ளை இன்னா வேலை சார்?” என்று ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் வெட்டினார்கள். அதனால் எத்தனை நேரம் வீணானது என்று கணக்கு வைத்தேன். ஆனால் அந்தக் கணக்கை யாரிடமும் காட்டவில்லை.

மொத்தம் முந்நூறு கம்பி வேலை. கம்பிக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று போட்டேன். கரண்ட் கட் போக ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான் லேத் ஓடும். அப்படியானால் பத்து நாள் ஆகும். ஒன்பது நாளில் பத்து நாள் வேலை முடியாது என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை கஜேந்திரன், “சார், நீங்க எண்ணிக்கினே இருங்க, நான் கடைஞ்சிக்கினே இருக்கேன்,” என்றார். அவர் கை பழகப் பழக நேரம் குறைந்து, சராசரியாகக் கம்பிக்கு ஒன்பது நிமிடம்தான் ஆனது. ஏழரை நாளில் இரண்டாயிரத்து நானூறு சக்கரங்களும் முடிந்தன. என் கணக்கு தப்பானதில் நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான்.

பெண்கள் மாட்டி முடிக்க முடிக்க, அறுநூறு லாரிகளையும் நானே பலகையில் உருட்டிப் பார்த்தேன். பதினொன்று மட்டும் கோட்டைத் தொட்டன. துளையில் மரத்தூள் அடைத்திருந்தது. ஊதிவிட்டதும் நேராக ஓடின.

5. பதினோராம் நாள்

ரகுபதி அதே செங்கல்லை வைத்தார். அதே மூன்று மீட்டர் கோடுகள். லாரிகளை அவரே அட்டைப்பெட்டிகளின் அடியில் கைவிட்டு எடுத்தார். கஜேந்திரன் லேத்தை நிறுத்திவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

ஒன்று நேராகப் போனது. இரண்டும் மூன்றும் போயின. ஆறாவது, கோட்டுக்கு இரண்டு விரல் அளவு பக்கத்தில் வந்தது. ஆனால் அது தாண்டவில்லை. பத்தாவது லாரி இரண்டு கோடுகளுக்கும் நட்ட நடுவே ஓடி நின்றது.

ரகுபதி இன்னும் இரண்டு செங்கல் கேட்டார். பலகையின் சரிவு கூடியது. பதினோராவது லாரியை விட்டார். அது மூன்று மீட்டரைத் தாண்டி, லேத்தின் அடியில் புகுந்து, கஜேந்திரனின் கால்களுக்கு நடுவே போய், மறுபக்கம் வாசற்படியில் முட்டி நின்றது.

“அட! டிரைவர் இல்லாத வண்டி இத்தனை ஒழுங்கா போகுது!” என்றார் ரகுபதி. பேனாவை எடுத்தார்.

தனம்மா விசில் அடித்தார். அறுநூறில் பதினொன்று போதுமா, இன்னும் பத்து பார்த்துவிடலாமே என்று நான் வாயைத் திறந்தேன். சாவித்திரி அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். “சும்னே இருங்க சார்,” என்றார். கன்னடம் தெரியாதவனுக்கும் அது புரிந்திருக்கும். திறந்த வாயை மூடிக்கொண்டேன். பிறகு அவர் கஜேந்திரனிடம் போய், “கட்டில் கால் வந்தா வேற இடத்துக்கு அனுப்பிடறேன். நீ சக்கரத்தைப் பாத்துக்கோ,” என்றார். அடுத்த ஆறு வருடமும் நாங்கள் கட்டில் காலைத் தொடவில்லை.

பெட்டிகள் லாரியில் ஏறிய பிறகு, இது நிஜ லாரி, நான் கஜேந்திரனிடம் போனேன்.

“அந்த மெமோவைத் திருப்பிக் குடுத்துடுங்க. ரத்துன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். தப்பு என்னோடது.”

“அது ஏது சார் இப்போ? காகிதம் நல்லா கெட்டியா இருந்துச்சு. மொதல் நாளே வெட்டிட்டேன்.” லேத்துக்கு அடியில் கிடந்த வளையங்களைக் காலால் கிளறி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “இதோ. மூணாம் சக்கரத்துக்கும் நாலாம் சக்கரத்துக்கும் நடுவுல உங்க மெமோதான் நல்லா வேலை செஞ்சிச்சி.”

இந்தத் தொழிலுக்கு வருகிற இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சுற்றுகிற பொருள் எதைச் சுற்றுகிறதோ, அங்கிருந்துதான் அளக்க வேண்டும். எண்ணூறு முறை வெளியே அளந்தும் நான் ஒரு முறைகூட அதைச் செய்யவில்லை. இன்னொன்று, துளை போடுகிறவர் ‘ஆடுது’ என்று சொன்னால் அன்றைக்கே வெர்னியரை எடுங்கள்.

அந்த வளையம் இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. சிவப்பு அரக்கு படிந்த ஓரத்தில் என் கையெழுத்தில் பாதி தெரியும். அளந்து பார்த்தேன். விட்டம் முப்பது மில்லிமீட்டர். துளை சரியாக நடுவில் இருக்கிறது.