டேப்பின் மறுமுனை

நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்கும் அண்ணனுக்கும் நடந்தது இது. ஒரு வார்த்தைகூட கூட்டிச் சொல்லவில்லை.

அப்பா மரக்காட்டை அண்ணன் பெயருக்கு எழுதினார். ஆனால் தங்கச்சி என்னைக் கேட்காமல் விற்கக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் கண்ணை மூடினார். அண்ணன் விற்கப்போகிறான் என்று யாரோ சொல்ல, எங்களுக்குள் பேச்சே நின்றுபோனது. கடைசியில், மரங்களை அளந்துவிட்டுப் பேசலாம் என்று அவனே கூப்பிட்டான்.

பெரிய மரத்தின் சுற்றளவை ஒருவரால் அளக்க முடியாது. முன்னால் நிற்பவர் டேப்பை நீட்ட, பின்னால் நிற்பவர் வாங்கி மறுபக்கம் தர வேண்டும். சுற்றி வந்து எட்டிப் பார்த்தால் டேப் நழுவும். அதனால் பார்க்கக் கூடாது. அப்பா போட்ட சட்டம்.

நான் போனது காலை ஏழு மணிக்கு. காட்டின் கேட்டருகே அண்ணன் வண்டி நின்றது. மரங்கள் நின்ற மேட்டில் ஏறினேன்; ஒரே பனிமூட்டம்.

"அண்ணா!"

 முதல் மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் நீண்டது. கோபம் இன்னும் தணியவில்லை போலிருக்கிறது என்று டேப்பைக் கொடுத்தேன்.

அடுத்த மரம். அதற்கடுத்தது. நான் நடந்தால் சருகு சரக்... சரக்... அவன் நடக்கும் சத்தமே இல்லை. டேப் ஒவ்வொரு முறையும் ஈரமாகத் திரும்பி வந்தது.

கடைசி மரத்தில் அழுகையை அடக்க முடியவில்லை.

"விக்க வேணாம்ணா. நீயே வச்சுக்க. எங்கூட பேசினா போதும்."

"சரி, குட்டி."

அண்ணன் குரலேதான். நெஞ்சு நிறைந்துவிட்டது. சட்டத்தை மறந்து எட்டிப் பார்த்தேன்.

நிற்க இடமே இல்லை.

செங்குத்துப் பள்ளம்.

டேப் மட்டும்... விறைப்பாக இழுபட்டே இருந்தது.

விழுந்தடித்துக் கீழே ஓடினேன். காட்டின் மறுபக்கம், ஓடைப் பக்கச் சரிவில் ரம்பம் ஓடும் சத்தம். வண்டியருகே அண்ணன் கண் சிவந்து நின்றான்.

"கையெழுத்துப் போட்டுட்டேன் குட்டி. மர வியாபாரி வெட்டுற ஆளோடயே வந்திருந்தாரு."

"ஏன்ணா?"

"விக்க மாட்டேன்னு சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீதானே ஓடைப் பக்கம் மரத்துக்குப் பின்னாடி நின்னு அழுத... 'இந்தக் காடே வேணாம்ணா, வித்துடு'ன்னு."

அங்கே முதல் மரம் சாய்ந்தது.

நான் ஓடைப் பக்கம் போகவே இல்லை.