உடைப்பில் செருகிய செம்பருத்திக் கொப்பு

ரப்பர் தோட்டத்தில் இருந்தவரை, எங்கள் லயத்து வீடுகளில் எது உடைந்தாலும் நாங்கள் யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. உடைந்த இடத்தில் ஒரு கித்தா மரக் கொப்பை இலையோடு ஒடித்துச் செருகிவிடுவோம். சாயங்காலம் சுற்றிப் பார்க்க வரும் மேற்பார்வை மண்டோர் அதைக் கண்டால் போதும். இரண்டு மூன்று நாளில் தோட்டத்துக் கொத்தனார் வாளியோடு வந்து நிற்பார். வாசற்படி, சாக்கடை ஓரம், குழாயடி எல்லாவற்றுக்கும் அதே வழக்கம்தான். எனக்கு அது ரொம்பத் தோதாக இருந்தது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆபீஸ் வாசலில் போய் நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எனக்குப் பதிலாகக் கொப்பு பேசிவிடும்.

நியாலாஸ் பக்கம் இருந்த அந்தத் தோட்டத்தைத் தொண்ணூறுகளின் நடுவில் விற்றுவிட்டார்கள். நாங்கள் தஞ்சோங் கிளிங்கில் ஒரு தாமான் குடியிருப்பில், முன்பே ஒருவர் குடியிருந்த வரிசை வீட்டை வாங்கிக்கொண்டு வந்தோம். என் வீட்டுக்காரருக்குக் கடலோர ஓட்டலில் காவல் காக்கும் ஜாகா வேலை. அவர் போய்விட்டால் பகல் முழுக்க நான் தனியாள்தான்.

வீடுகளுக்கு முன்னால் லோங்காங் ஓடும். தோட்டத்தில் சாக்கடை என்போமே, அதுதான். அதை மூடிச் சிமெண்டுப் பலகைகள் போட்டிருந்தார்கள். ஜனங்கள் நடப்பது அதன் மேல்தான். எங்கள் கேட்டுக்கு நேரே, வேறு சில வீடுகளைப் போல, முன்பு குடியிருந்தவர் கார் ஏறுவதற்காக அகலமாகச் சிமெண்டு போட்டு வைத்திருந்தார்.

மூன்று வீடு தள்ளி ஒரு மலாய்க்கார அக்கா இருந்தார். வாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டது. தினமும் நடந்தால்தான் காலில் பலம் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். காலையில் ஒரு கையில் தடி, மறு கையால் ஒவ்வொரு வீட்டு வேலியாகப் பிடித்துக்கொண்டு வரிசையின் கடைசிவரை போய்த் திரும்புவார். எங்கள் கேட்டில் வந்து மூச்சு வாங்குவார். நான் தேத்தண்ணி கொடுப்பேன். என் அரை மலாய்க்கு அவர் சிரிப்பார். அந்தத் தாமானில் என்னோடு பேசிய ஒரே ஆள் அவர்தான்.

ஒரு மழைக்காலத்தில் சாமான் இறக்க வந்த லாரி ஏறி, எங்கள் வாசல் சிமெண்டு ஓரமாக உடைந்துபோனது. ஒரு கால் முழுசாக உள்ளே போகிற அளவுக்கு ஓட்டை. நான் யோசிக்கவே இல்லை. கேட்டோரம் நின்ற செம்பருத்தியில் ஒரு கொப்பை ஒடித்து, பூவோடு அதில் செருகினேன். வாடினால் பார்க்கிறவன் கண்ணில் படாதே என்று, தினமும் காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து புதுக்கொப்பு மாற்றினேன். இங்கேயும் யாராவது சுற்றிப் பார்க்க வருவார்கள் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார்.

யாரும் வரவில்லை. பள்ளிப் பிள்ளைகள் எங்கள் வாசல் வந்ததும் ரோட்டில் இறங்கிப் போனார்கள். ஒரு நாள் கொப்புக்கு அடியில் இரண்டு ஆரஞ்சுப் பழம் இருந்தது. யாரோ தவறவிட்டது என்று எடுத்து உள்ளே வைத்தேன்.

அந்த அக்கா பக்கத்து வீட்டு வேலிவரை வருவார், கொப்பைப் பார்ப்பார், திரும்பிவிடுவார். ரோட்டில் இறங்கி ஏற அவர் காலுக்கு முடியாது. ஓட்டைக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். கூப்பிட்டுக் கேட்க வாய் வரவில்லை. பிறகு அவர் வருவதே நின்றுபோயிற்று.

பத்து நாளுக்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இன்னொருவர் கேட்டை நான் தனியாகத் திறந்தது அன்றுதான். அவர் நாற்காலியில் இருந்தார். கால் வீங்கியிருந்தது. நடக்காமல் உட்கார்ந்திருந்தால் இனி தடியும் உதவாது என்று டாக்டர் கோபித்துக்கொண்டாராம்.

ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் மெதுவாக மலாயில் சொன்னார்: "உங்க சாமி இருக்கிற இடத்த நான் எப்படித் தாண்டுறது? காலு வேற இழுக்குது. தெரியாமப் பட்டுட்டா பாவமில்லையா?"

எனக்குக் காது வரைக்கும் சுட்டது. அது சாமி இல்லை, உடைப்புக்கு வைத்த அடையாளம் என்று சொல்லிப் புரியவைக்கப் பாதி மத்தியானம் ஆயிற்று. வீட்டுக்கு வந்ததும் கொப்பைப் பிடுங்கிப் போட்டேன். ஓட்டை அப்படியேதான் இருந்தது.

மறுவாரம் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு நகராண்மைக் கழகத்துக்குப் போனேன். கவுண்டரில் நம் தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தச் சிமெண்டு யாரும்மா போட்டது?" என்றாள்.

"முன்னாடி இருந்தவங்க."

"இப்ப வீடு உங்களோடதுதானே? வீட்டுக்காரங்க போட்டத வீட்டுக்காரங்கதாம்மா சரி பண்ணணும்."

திரும்பும் பஸ்ஸில் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "வீட்டுக்குள்ள ஆணி அடிக்கிறதுக்கே யாரக் கேக்கிறதுன்னு இருந்தேன். இப்ப வாசலும் நம்மதாம்." குரல் சலிப்பாக இருந்தாலும் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. தோட்டத்தில் எதுவும் எங்களுடையது இல்லை, அதனால் எதையும் நாங்கள் பார்க்க வேண்டியதும் இல்லை. அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் மனசு அங்கே போய்விடும். ஆனால் அந்தச் சலிப்பும் பெருமையும் அங்கே கிடைக்காது.

அவர் லீவு நாளில் சிமெண்டு குழைத்தோம். பார்த்துக்கொண்டே நின்ற எதிர்வீட்டுச் சீனப் பெரியவருக்குப் பொறுக்கவில்லை. கம்பி வைக்காமல் போட்டால் மறுபடியும் உடையும் என்று திட்டிவிட்டு, தன் வீட்டிலிருந்து இரும்புக் கம்பி கொண்டுவந்தார். கொப்பு எங்கே என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும், எங்களிடமிருந்து வாங்கிப் பூசிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ரெண்டு ஆரஞ்சு வச்சு லாட்டரிக்கு நம்பர் கேட்டேன்லா. அதான் ஒண்ணும் அடிக்கல."

பழத்தை நாங்கள்தான் தின்றோம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

சிமெண்டு காய்ந்ததும் நானே போய் அந்த அக்காவை அழைத்து வந்தேன். எங்கள் வாசலில் தடியால் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். பிறகு வேலியை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்தார். எத்தனையோ நாளாக நடக்காத கால், மெல்ல மெல்லத்தான் வந்தது. வீட்டுச் செருப்போடு நானும் வரிசையின் கடைசிவரை போனேன். குடிவந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கடைசியை நான் பார்த்ததே இல்லை.

கடைசிக்கு முந்தின வீட்டு வாசலிலும், கார் ஏற அந்த வீட்டார் போட்டிருந்த பலகை ஒன்று பெயர்ந்து கிடந்தது. அக்கா நின்றுவிட்டார். தடியால் அதைக் காட்டி, "நீ போய்ச் சொல்லு. யாரு செய்யணும்னு உனக்குத்தான் தெரியுமே" என்றார்.

மாட்டேன் என்றேன். அவர் நகரவில்லை. கேட்டைத் தட்டினேன். வந்த பெண்ணிடம், இந்த உடைப்பு உங்கள் வீட்டோடது, நீங்கள்தான் சரி செய்யணும், அக்காவுக்கு நடக்கணும் என்று என் மலாயில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பினேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அந்தப் பலகை நேராக இருந்தது.