ஆறு கிழமைக்கு ஒரு பாம்பு

மகள் பாம்பு வேண்டும் என்று கேட்டது ஒரு சனிக்கிழமை காலை, நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது. அவளுக்கு அப்போது பதினொரு வயது. நாய் கேட்பாள், பூனை கேட்பாள் என்று சில வருடங்களாகவே நான் மறுப்புகளைத் தயாராக வைத்திருந்தேன். நாயின் உரோமம் பட்டால் அப்பாவுக்குத் தும்மல் வரும். பூனை சாமியறைக்குள் போய்ப் படுக்கும். பாம்புக்கு என்னிடம் மறுப்பு எதுவும் இருக்கவில்லை.

"அது பாம்பெல்லோ, பிள்ளை" என்று மட்டும் சொன்னேன்.

"ஓம் அம்மா. பாம்புதான்" என்றாள்.

அந்தப் பாம்பு ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருந்தது. என் கணவரோடு வேலை செய்பவரின் வீட்டில். அவர்களுடைய மகன் வேறு ஊருக்குப் பல்கலைக்கழகம் போனபோது பாம்பை அறையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். அவனுடைய தாயை நான் அக்கா என்பேன். அவர்கள் வீட்டுப் பிறந்தநாள் விழாவுக்குப் போனபோது, மற்றப் பிள்ளைகள் எல்லோரும் கேக்குக்குப் பக்கத்தில் நிற்க, என் மகள் மேல்மாடி அறையில் ஒரு மணி நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்திருக்கிறாள். அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"ஒண்டரை வருஷமா உவன்ர பாம்புக்கு எலி போடுறது நான்தான், தங்கச்சி. உன்ர பிள்ளைக்கு விருப்பமெண்டா கொண்டு போகட்டும். எனக்குப் புண்ணியமாப் போகும்."

கணவர் சிரித்தார். "ஊரில பாம்பைக் கண்டா வீட்டை விட்டு ஓடுவம். இஞ்ச வந்து அதுக்கு ஒரு அறை குடுக்கப் போறமே?" என்றவர், பிறகு வழக்கம்போல, "நீரே யோசிச்சுச் சொல்லும்" என்று என்னிடம் விட்டுவிட்டார்.

நான் யோசித்தேன். யோசிப்பது என்றால் எனக்கு வாசிப்பது. மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் போனில் வாசித்தேன். கோர்ன் ஸ்னேக் என்று இங்கே சொல்லும் அந்தச் செம்மஞ்சள் பாம்புக்கு விஷம் இல்லை, சாதுவானது என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். பதினைந்து, இருபது வருடங்கள் உயிர் வாழும் என்றும் எழுதியிருந்தார்கள். இவள் படிப்பு முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டபின் அதற்கு எலி போடப்போவது யார்? பிள்ளை தயாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு பக்கத்தில் பத்துக் கேள்விகள் இருந்தன. பத்துக்கும் அவள் சார்பில் ஓம் போட்டேன். அடுத்த நாள் அதே கேள்விகளைத் திரும்ப வாசித்து, ஆறுக்கு இல்லை போட்டேன். இடையில் அவள் எதுவும் செய்திருக்கவில்லை, பள்ளிக்கூடம் போய் வந்ததைத் தவிர.

கடைசியில் ஒன்றரை மாதம், ஆறு கிழமைத் தவணை ஒன்று வைத்தேன். பாம்பு எங்கள் வீட்டில் இருக்கும். அவள் எல்லாம் ஒழுங்காகச் செய்தால் அவளுக்கே. விதிகளை ஒரு தாளில் எழுதினேன். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். தொட்டால் கை கழுவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு. கடைசி விதியைச் சிவப்புப் பேனையால் எழுதினேன்: ஏதாவது பிழை நடந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கப்படும். அவள் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கடைசி விதி எனக்குத் திருப்தியாக இருந்தது. பொறுப்பு என்றால் என்னவென்று அவளுக்குக் காட்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

பாம்பு வந்தது. கண்ணாடித் தொட்டி அவளுடைய மேசையில், ஜன்னலுக்குப் பக்கத்தில் ஏறியது. நான் வாசலில் நின்றுதான் அதைப் பார்ப்பேன். தொடவில்லை.

எலிகளை உறைய வைத்துத்தான் விற்கிறார்கள். அவற்றை நிலக்கீழ் அறை ஃப்ரீசரில், பழைய ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றில் போட்டு வைத்தோம். எங்கள் வீட்டில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஐஸ்கிரீம் இருந்ததே இல்லை. ஒரு ஞாயிறு கூழுக்கு நண்டு எடுக்கப் போன கணவர் பெட்டியைத் திறந்துவிட்டுப் போட்ட சத்தத்தில் நான் படியில் ஓடி இறங்கினேன்.

"இதில ஒரு லேபிள் ஒட்டக்கூடாதே, அம்மா?" என்று மகளிடம் கேட்டார்.

"ஒட்டினனான் அப்பா. நீங்கதான் வாசிக்கேல்லை."

உண்மைதான். மூடியில் பெரிய எழுத்தில் இருந்தது.

எல்லாம் குறித்து வைக்க அவள் ஒரு கொப்பி வைத்திருந்தாள். வெப்பநிலை, தண்ணீர், எந்தத் திகதியில் சாப்பிட்டது, எந்தத் திகதியில் மலம் கழித்தது. அவள் பள்ளிக்கூடம் போனபின் நான் அந்தக் கொப்பியை எடுத்துப் பார்ப்பேன். குறை தேடித்தான் பார்த்தேன் என்பதை இப்போது சொல்லலாம். மூன்று கிழமையில் ஒரு நாள் மாலைக் கட்டம் வெறுமையாக இருந்தது. அதைக் கண்டபோது எனக்கு வந்தது கவலை இல்லை, ஒரு விதமான ஆறுதல். பிறகுதான் ஞாபகம் வந்தது, அன்று மாலை அவளைப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போய்ப் பிந்திக் கொண்டுவந்தது நான்.

வெள்ளிக்கிழமைகளில் நான் விளக்கேற்றிச் சாம்பிராணி போடுவேன். கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து விட்டதில்லை. குளிக்கும்போது தலையில் போடும் பிளாஸ்டிக் தொப்பி ஒன்றைக் கணவர் புகை அலாரம் அடிக்காமலிருக்க அதற்கு மாட்டுவார், நான் தட்டை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போவேன். பாம்பு வந்தபின் மகளின் அறையில் கூடுதலான நேரம் நின்றேன். வீட்டுக்குள் பாம்பை வைத்திருப்பது சரியா பிழையா என்று எனக்குத் தெரியவில்லை. கும்பிட வேண்டியதா, பயப்பட வேண்டியதா என்றும் தெரியவில்லை. சில நாட்களில் தட்டைத் தொட்டிக்குக் கீழே நிலத்தில் வைத்துவிட்டு, சமையலைப் பார்த்துவிட்டு வந்து எடுப்பேன். அதற்கும் பிள்ளைக்கும் ஒன்றும் வரக்கூடாது என்று நினைத்துத்தான் வைத்தேன்.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் தன் அறைக் கதவைப் பூட்டி வைக்கத் தொடங்கினாள். நான் தட்டித் திறப்பித்தேன். பிறகு ஜன்னலைத் திறந்து வைத்தாள். கார்த்திகை மாதக் குளிரில் ஜன்னலைத் திறந்தால் ஹீட்டர் என்ன செய்யும் என்று ஏசினேன்.

ஐந்தாவது கிழமை, தட்டோடு நான் அந்த அறையில் நின்றபோது தொட்டியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சின்னதாக, மூக்கடைத்த குழந்தை மூச்சு விடுவது போல. முதல் தடவையாகக் கண்ணாடிக்குக் கிட்டப் போனேன். பாம்பு தலையை மேலே தூக்கி வைத்து, வாயைச் சற்றே திறந்தபடி இருந்தது. வாயோரத்தில் ஒரு நுரைக் குமிழி.

மகளைக் கூப்பிட்டேன். வந்தவள் பாம்பைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எத்தினை நாளா இப்பிடி?"

"ரெண்டு கிழமை."

"கொப்பியில ஒண்டும் எழுதேல்லையே?"

"நீங்க அதை வாசிக்கிறீங்கள்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை, பிள்ளை?"

"சொன்னா, யூ வுட் சென்ட் இட் பேக். அண்டைக்கே. நீங்கதானே எழுதினீங்க."

ஊர்வனவற்றைப் பார்க்கும் மிருக வைத்தியர் ஒருவரை மிசிசாகாவில் கண்டுபிடித்து, மறுநாள் போனோம். பாம்பை ஒரு தலையணை உறைக்குள் விட்டு, அதைச் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு வந்தாள், சூடு போகக்கூடாதென்று. வைத்தியர் ஓர் இளம் பெண். நுரையீரலில் தொற்று என்றார். வீட்டில் யாராவது சிகரெட் குடிப்பீர்களா, மெழுகுதிரி, ஊதுபத்தி, புகை ஏதாவது உண்டா என்று கேட்டார். பிறகு, அறை குளிராகிறதா என்றும் கேட்டார்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புகையும் உண்டு, குளிரும் உண்டு என்று நான்தான் சொன்னேன்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. "உனக்குப் புகைதான் எண்டு தெரியுமே?" என்று கேட்டேன்.

"ஓம். கூகிள் பண்ணினனான்."

"ஒருக்கா என்னட்டச் சொல்லியிருக்கலாமே. நான் உடன நிப்பாட்டியிருப்பன்."

"அது சாமிக்குச் செய்யிறதெல்லோ. நீங்க நிப்பாட்ட மாட்டீங்க எண்டு நினைச்சன்." பிறகு மெதுவாக, "ஜன்னல் திறந்ததும் கூடாது. அது எனக்குத் தெரியாது. அது என்ர பிழை" என்றாள்.

நிறுத்தியிருப்பேன் என்று நான் சொன்னது உண்மையா என்று இப்போதும் யோசிக்கிறேன். ஒரு பாம்புக்காகவா என்றுதான் முதலில் கேட்டிருப்பேன். நோயை இரண்டு கிழமை மறைத்த பிள்ளை தயாரில்லை என்று நான் போனில் வாசித்த எந்தப் பக்கமும் சொல்லும். ஆனால் அவளை மறைக்க வைத்தது என் சிவப்புப் பேனை. என்னை விட அவளுக்கு அதிகம் தெரிந்திருந்தது. தெரிந்ததைச் சொல்லத்தான் வீட்டில் இடம் இருக்கவில்லை. இதை அந்தப் பத்தில் எந்தக் கேள்விக்குக் கீழே போடுவது?

அக்காவுக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். "அட, விடு தங்கச்சி. நான் சீரகம் வறுக்கேக்கையும் அது இந்த வீட்டுக்குள்ளதான் இருந்தது" என்று சிரித்தார். "வச்சிருக்கிறதோ திருப்பித் தாறதோ, உங்கட முடிவு. மருந்து முடியட்டும்."

அன்றிரவுச் சாப்பாட்டில் மகள் தானாகச் சொன்னாள்: "அதுக்குச் சுகம் வந்தாப் பிறகு திருப்பிக் குடுப்பம்."

இந்தச் சொல்லைத்தான் நான் ஐந்து கிழமையாக எதிர்பார்த்திருந்தேன். "ஏன், பிள்ளை?" என்றேன்.

"நான் ரெடி இல்லை."

சோற்றைப் பிசைந்தபடி, ஹோம்வேர்க் முடிந்தது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அது அவளுடைய எண்ணமா, அல்லது என்னை முடிவெடுக்கிற வேலையிலிருந்து விடுவிக்கச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. கணவரைப் பார்த்தேன். அவர் கறியைப் பார்த்தார்.

ஊசி மூன்று நாளைக்கு ஒன்று, ஏழு ஊசி. பெரியவர்தான் போட வேண்டும், பிள்ளை பிடிக்கலாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டிருந்தார். மருந்து ஏற்றிய ஊசிகள் ஃப்ரீசரில், எலிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கைக்குள் வைத்து இளகச் செய்ய வேண்டும். முதல் நாள் மருந்து இளகிய பிறகும் நான் கையைத் திறக்கவில்லை.

"அம்மா, கண்ணை மூடாதீங்கோ."

"மூடேல்லை."

"மூடிட்டீங்க. இஞ்ச பாருங்கோ, இந்த இடம். செதிலுக்கு நடுவால. டீப் ப்ரெத்."

இடது கையால் பாம்பை முதல் தடவையாகத் தொட்டேன். ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஈரமில்லை. உலர்ந்து, வழுவழுப்பாக, உள்ளே ஏதோ மெதுவாக இறுகுவதும் தளர்வதுமாக இருந்தது. ஊசி போனபோது பாம்பு ஒருமுறை சுருண்டது. மகள் விடவில்லை. "குட் ஜோப்" என்றாள், எனக்கா பாம்புக்கா என்று தெரியாத குரலில்.

நான்காவது ஊசிக்குள் சத்தம் நின்றது. ஏழாவது முடிந்த கிழமை அது ஓர் எலியை விழுங்கியது. நான் அறைக்குள் கட்டிலில் இருந்து முழுவதையும் பார்த்தேன். அந்த நாட்களில் சாம்பிராணி போடவில்லை. போடாமல் விட்டதற்காக விளக்கின் முன்னால் மன்னிப்பும் கேட்டேன், வெள்ளிக்கு வெள்ளி.

திருப்பிக் கொடுப்பதற்கு முதல் நாள் அவள் மேசையில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தாள், அக்காவுக்கு. எந்தச் சூட்டில் வைக்க வேண்டும், மூச்சு எப்படிக் கேட்டால் உடனே வைத்தியரிடம் போக வேண்டும், சமையல் புகை வரும்போது எந்தக் கதவைச் சாத்த வேண்டும். 'ஏதாவது வித்தியாசமாக இருந்தால் உடனே யாரிடமாவது சொல்லுங்கள்' என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தாள். வாசித்துவிட்டு நான் அவளிடம் போனேன்.

"வேணுமெண்டா வச்சிருக்கலாம், பிள்ளை. அம்மா ஓம் சொல்லுறன்."

அவள் வெப்பமானியைக் கழற்றி, கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தாள். "இட்ஸ் ஓகே, அம்மா."

"எனக்காகச் சொல்லாதை. உண்மையாச் சொல்லுறன், நீ ரெடிதான்."

"நான் ஸ்ரௌவ்வில் அன்ரிக்குத் திருப்பித் தாறனெண்டு சொல்லிட்டன்" என்றாள். "சொல்லிட்டு மாத்தக் கூடாது."

சொன்ன சொல்லை மாற்றக் கூடாது என்று அவளுக்குச் சொல்லி வளர்த்ததும் நான்தான். தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக் காருக்குக் கொண்டுபோக உதவினேன். ஸ்ரௌவ்வில்லில் அவள் அந்த இரண்டு பக்கத்தையும் அக்காவுக்கு வரி வரியாக விளங்கப்படுத்தினாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "இவ்வளவு தெரிஞ்ச பிள்ளை, வச்சிருக்கலாமே தங்கச்சி" என்றார். நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அவள் அழுவாள் என்று காரில் காத்திருந்தேன். அழவில்லை. வழியில் கோப்பிக் கடையில் ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பசியில்லை என்றாள்.

மாசியில் அவளுக்குப் பன்னிரண்டு வயதானது. என்ன வேண்டும் என்று இரண்டு கிழமைக்கு முன்பிருந்தே கேட்டேன். எது வேண்டுமானாலும் கேள் என்றேன், எது என்பதை அழுத்தி. "எதெண்டாலும் ஓகே, அம்மா. நீங்களே பாருங்கோ" என்றாள். ஒரு குளிர்ச்சட்டை வாங்கிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்து, நன்றி சொன்னாள். அளவு சரியாக இருந்தது.