மாலையை ஓரமாகப் போடுங்கள்

அலுவலகக் கதவைத் திறந்து மின்விசிறியைப் போட்டபோதே போன் அடித்தது. திரையில் பலராமன் அண்ணனின் எண். தாமதமாக வருவதற்கு ஏதோ காரணம் சொல்லப்போகிறார் என்று நினைத்து, வாடிக்கையாளர்களிடம் அவர் எப்போதும் கேட்கிற கேள்வியை அவரிடமே கேட்டேன். "வணக்கம். கம்ப்யூட்டர் எங்க இருக்குது, மொதல்ல அத சொல்லுங்க."

சிரிப்பு வரவில்லை. அவருடைய மகள் தேன்மொழியின் குரல் வந்தது. "மாமா, அப்பா போயிட்டாங்க மாமா. விடியக்காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள…"

அப்படியொரு நேரத்தில் அந்தப் பிள்ளையின் காதில் என் கிண்டல் விழுந்துவிட்டதே என்று இன்னும் கூசுகிறது. பலராமன் அண்ணன் இருந்து கேட்டிருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். அது ஒன்றுதான் ஆறுதல்.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வில்லியனூரில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் சிறிய அலுவலகம் இருக்கிறது. 'நாடி' என்று ஒரு மென்பொருள் செய்து விற்கிறோம். கணினியின் உள்ளே எவ்வளவு சூடு, விசிறி என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று அது காட்டும். சூடு மிஞ்சினால் கத்தும். கணினிக்குக் கடினமான வேலைகளைக் கொடுத்து, எவ்வளவு விரைவாக முடிக்கிறது என்று பார்த்து மதிப்பெண்ணும் போடும். நிரல் எழுதுவது நான். அதை வாங்கியவர்கள் போனில் கூப்பிட்டுத் திட்டினால் வாங்கிக்கொள்வது பலராமன் அண்ணன்.

அவரே முதலில் திட்டுவதற்காகக் கூப்பிட்டவர்தான். அப்போது மடுகரையில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். "இன்னா பாய், உங்க சாஃப்ட்வேரு நூத்தி இருவத்தேழு டிகிரின்னு காட்டுது. உள்ள இட்லி ஊத்தி வெச்சா வெந்துடும். ஆனா தொட்டுப் பாத்தா ஜில்லுனு கீது. யாரு பொய் சொல்றது, நீங்களா, என் கையா?" என்று கேட்டார். கணினியின் மின்சுற்றுப் பலகையில் சூட்டை அளக்கும் உணரி பொருத்தப்படாமல் இருந்தால் அப்படி ஓர் எண் வந்து நிற்கும் என்று விளக்கினேன். "அப்ப தெரியலன்னு காட்ட வேண்டியதுதானே? தெரியாதத தெரியலன்னு சொல்றதுல இன்னா கொறச்சல்?" என்றார். அடுத்த பதிப்பில் அப்படியே மாற்றினேன். பிரவுசிங் சென்டர்களுக்கு ஆள் வருவது நின்றுபோன காலத்தில் அவரைக் கூப்பிட்டேன். மறுநாளே டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் வேலை செய்த விதமே தனி. வேறு எந்த நிறுவனத்துக்குப் போன் செய்தாலும் பதிப்பு எண் என்ன, பதிவு எண் என்ன என்றுதான் கேட்பார்கள். அண்ணன் கணினி எங்கே இருக்கிறது என்று கேட்பார். பாதிப் பிரச்சினை அந்தப் பதிலிலேயே முடிந்துவிடும். ஒருவர் தூசி படக்கூடாது என்று துண்டால் போர்த்திவிட்டு ஓட்டுவார். இன்னொருவர் அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் செருகி வைத்திருப்பார். நல்லவாடு கிராமத்தில் ஒரு மீன் ஏஜென்ட், சூடே ஏறக்கூடாது என்று ஐஸ் பெட்டியின் மேலேயே கணினியை வைத்துவிட்டார். "சூடு ஏறலண்ணே, ஆனா கரண்ட் அடிக்குது" என்று அவர் சொன்னதை அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

தன் கணினிக்கு மதிப்பெண் குறைவு, நண்பனுடையதற்கு அதிகம் என்று அழுகிற குரலில் பேசுகிற கல்லூரி மாணவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான். "மார்க்கு கம்மின்னா புள்ள கெட்டுப்போச்சாப்பா? உனக்கு அதால ஆவ வேண்டிய வேல இன்னா, அத சொல்லு."

பேச்சைச் சீக்கிரம் முடிக்கத் தெரியாது. சோறு ஆறிப்போகும் வரை பேசுவார். அதற்காக நான் சண்டை போட்டதுண்டு. இன்னொரு பிடிவாதமும் இருந்தது. அழைத்தவர் தன் வாயால் 'சரியாயிடுச்சி' என்று சொன்னால்தான் அந்த அழைப்பை முடிந்ததாகக் குறிப்பார். நாமாக முடித்துவிடக்கூடாது. "வலி அவங்களுது பாய். போச்சா இல்லியான்னு அவங்கதான் சொல்லணும்" என்பார்.

அவரைப் பற்றிச் சொல்லும்போது ஆயுத பூஜை விவகாரத்தைச் சொல்லாமல் விட முடியாது. விட்டால் அவரே கோபித்துக்கொள்வார்.

அலுவலக மூலையில் ஒரு கணினி உண்டு. அதன் வேகத்துக்கு ஆயிரம் மதிப்பெண் என்று வைத்து, மற்ற கணினிகளை அதோடு ஒப்பிடுவோம். அண்ணன் அதற்கு 'எடைக்கல்' என்று பெயர் வைத்திருந்தார். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கு முன்பும் எடைக்கல்லை நீண்ட நேரம் ஓடவிட்டு வேகத்தைப் புதிதாக அளப்பது வழக்கம். அந்த வருடம் அளப்பதை ஆயுத பூஜையன்று காலையில் தொடங்கிவிட்டேன்.

பூஜை முழுக்க முழுக்க அண்ணனின் பொறுப்பு. என் பொறுப்பு பொரிகடலை சாப்பிடுவது. அன்று அவர் கடைத்தெருவிலிருந்து கை கொள்ளாமல் சாமந்தி மாலைகளோடு வந்தார். அலுவலகத்தில் மூத்த இயந்திரம் என்பதால் எடைக்கல்லுக்கு எல்லாவற்றிலும் பெரிய மாலை. மேலிருந்து பின்பக்கம் வரை பட்டை பட்டையாகச் சுற்றி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, போட்டோ எடுத்து எல்லா வாடிக்கையாளர்களுக்கும் வாழ்த்து அனுப்பினார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது என்றும் உத்தரவு போட்டார். எடைக்கல் ஓடுகிறதே என்றேன். "அது பாட்டுக்கு ஓடட்டும் பாய். நாம தொட வேணாம்."

சூடான காற்று வெளியே வருகிற துளைகள் எல்லாம் அந்த மாலைக்கு அடியில் இருந்தன. எங்கள் மென்பொருள் நிச்சயம் கத்தியிருக்கும். அண்ணன் மணியடித்துக்கொண்டிருந்தார், கீழே உரக்கடையில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் சூடு பார்த்துச் சொல்கிற எங்களுக்கு எங்கள் வீட்டுக் காய்ச்சல் தெரியவில்லை. சூடு மிஞ்சினால் கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் குறைந்த வேகத்தை ஆயிரம் என்று வைத்துக்கொண்டு நாங்கள் புதிய பதிப்பை வெளியிட்டோம். எடைக்கல் இளைத்துவிட்டால் தராசில் வைக்கிற எல்லாமே கனமாகத்தானே தெரியும். ஒரே வாரத்தில் புதுச்சேரி முழுக்க எல்லாருடைய கணினியும் முதல் வகுப்பில் தேறிவிட்டது. பாராட்டி அழைப்புகள் வந்தன. இருவரும் மிதந்துகொண்டிருந்தோம்.

அப்போது திருக்கனூரிலிருந்து செல்வி கூப்பிட்டார். தனியாளாக ஒரு ஸ்டூடியோ நடத்தி, கல்யாண வீடியோ எடுக்கிறவர். குரலில் அத்தனை சந்தோஷம்.

"அண்ணே, புது கம்ப்யூட்டர் வாங்கலாம்னு இருந்தேன். உங்க மார்க்கு ஏறிட்ச்சா, இதுவே போதும்னு வுட்டுட்டேன். உங்க ஊர்லதாண்ணே ஒரு கல்யாணம் ஒத்துக்கிட்டேன். காலையில முகூர்த்தம் எடுத்து சாயங்காலம் ரிசப்ஷன்ல ஸ்க்ரீன்ல போட்டுக் காட்றேன்னு சொல்லிட்டேன். நம்ம பக்கத்துல யாரும் இப்டி பண்ணது கெடையாது."

"உள்ள எதுனா மாத்துனியாம்மா?"

"ஒண்ணும் மாத்தல. தொடைக்கக்கூட இல்லண்ணே."

போனை வைத்த அண்ணன் எடைக்கல்லின் பக்கம் திரும்பினார். "மாத்தாத மெஷினு எப்டி பாய் வேகமாவும்?" பிறகு தன் போனை எடுத்து, தான் ஊருக்கெல்லாம் அனுப்பிய வாழ்த்துப் படத்தைப் பார்த்தார். முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. "நான் இதுக்கு மாலயா போட்டேன்? மூக்கயில்ல அடச்சிருக்கேன்."

அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்றேன். மதிப்பெண் கூடிப்போனது என்று யாரும் புகார் செய்யவில்லையே. வியாபாரம் செய்கிறவன் அப்படித்தான் யோசிப்பான், அதில் எனக்கு வெட்கம் இல்லை. அண்ணன் கேட்கவில்லை. "அந்தப் பொண்ணு என் நம்பர நம்பி கல்யாண வூட்ல வாக்கு குடுத்துட்டு உக்காந்திருக்குது பாய். அன்னிக்கி ஸ்க்ரீன் கறுப்பா நின்னா அதுக்கப்பறம் யாரு கூப்புடுவாங்க?"

அன்றே ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். "எங்க மெஷினுக்கு ஜொரங்க. அத வெச்சி உங்களுக்கு மார்க்கு போட்டுட்டோம். இப்ப கொறையும். மாலய போட்டது நான்தான், வேற யாரையும் திட்டாதீங்க." சிலர் சிரித்தார்கள். சிலர் நிஜமாகவே திட்டினார்கள். செல்வி, "நான் இன்னாண்ணே பண்ணட்டும்? ஞாயித்துக்கெழம கல்யாணம். இனிமே நீங்க எது சொன்னாலும் எப்டிண்ணே நம்புறது?" என்று கேட்டார். அண்ணனுக்கு அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்துவிட்டது. அவரிடம் இருந்ததெல்லாம் குரல் ஒன்றுதான். அதை நம்பவில்லை என்றால் அவருக்கு வேறு என்ன மிச்சம்?

ஞாயிற்றுக்கிழமை காலை எடைக்கல்லைப் போர்வையில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு மடுகரைக் கல்யாண மண்டபத்துக்குப் போனார். நானும் போனேன். மூத்ததாக இருந்தாலும் அது செல்வியின் கணினியைவிட வேகமானது. மளிகைச் சாமான் அறையில் மேசை போட்டு, செல்வியை அந்தக் கணினியில் உட்கார வைத்தார். சொந்த ஊர், பார்க்கிறவர்களெல்லாம் தெரிந்தவர்கள். "இன்னா பலராமா, கல்யாணத்துக்கு டிவி பொட்டிய தூக்கினு வந்துட்ட?" என்று கேலி பேசினார்கள். அவர் அசையவில்லை. மேசை அருகிலேயே நின்று, பூக்கூடையோடு வருகிறவர்களையெல்லாம் "இங்க வெக்காதீங்க, இங்க வெக்காதீங்க" என்று விரட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் ரிசப்ஷனில் முதல் பந்தி முடிகிற நேரத்தில் திரையில் தாலி கட்டும் காட்சி வந்தது. கூட்டம் கைதட்டியது. பெண்ணின் அம்மா அழுதார். அண்ணனும் அழுதார், வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த செல்வியிடம் போய், "இன்னாம்மா, சரியாயிடுச்சா?" என்று கேட்டார்.

செல்வி நிமிர்ந்து பார்க்காமல், "பாப்போம்ணே" என்றார்.

அந்த அழைப்பு முடியாமலே நின்றது. பிறகு வந்த ஒவ்வொரு பதிப்புக்கும் அண்ணன் முதலில் கூப்பிடுவது செல்வியைத்தான். ஓட்டிப் பார்த்துச் சொல்லச் சொல்லுவார். செல்வியும் பொறுமையாகப் பார்த்துச் சொல்லுவார். வேலை பெருகி, புதுக் கணினி வாங்கி, ஸ்டூடியோவுக்கு ஏசியும் போட்டுவிட்டார். கேட்டால் மட்டும் அதே 'பாப்போம்ணே'. கோபம் எப்போதோ போய்விட்டது என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரிந்ததா என்று தெரியாது. நான் முடித்துவைக்கவா என்று கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

அதன்பின் எங்கள் அலுவலகத்தில் ஆயுத பூஜைக்குப் பொட்டு மேசைக்காலுக்கு, மாலை கதவு நிலைக்கு. பூஜைக்கு முந்தைய நாள் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அவர் குரலிலேயே ஒரு செய்தி போகும். "பூஜய நல்லா போடுங்க. மாலய மட்டும் ஓரமா போடுங்க. காத்து போற வழிய மறிக்காதீங்க."

தேன்மொழியின் போன் வந்த அன்று, மடுகரையில் அண்ணன் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தெரு நிறைந்திருந்தது. பாதிப் பேர் அவர் முகத்தை அன்றுதான் முதல்முறை பார்த்தார்கள். நல்லவாட்டு மீன் ஏஜென்ட் என் காதருகே வந்து, "போன்ல பேசறவரு இவருதாங்களா? கொரல வெச்சி ஒல்லியா இருப்பாருன்னு நெனச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குலுங்கி அழுதார். நானும் அங்கேதான் உடைந்தேன்.

அண்ணனைக் கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்களெல்லாம் மாலை போட்டார்கள். ரோஜா, சம்பங்கி, சாமந்தி என்று பெட்டியின் மேல் நிறைந்து, கால்மாட்டில் மோட்டார் இருக்கும் பக்கமாகச் சரிந்து குவிந்துகொண்டே போயின. மோட்டார் முக்கிக்கொண்டு ஓடியது. அழுதுகொண்டிருந்த எனக்கு அது காதில் ஏறவில்லை.

செல்வி வந்தார். கையில் மாலை இருந்தது. போடவில்லை. ஒரு நிமிடம் நின்று மோட்டார் சத்தத்தைக் கேட்டார். பிறகு கால்மாட்டுக்குப் போய்க் குனிந்து, மோட்டாரின் கம்பிவலையை மூடியிருந்த மாலைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார். சொந்தக்காரர் ஒருவர், "இன்னாம்மா பண்ற?" என்று அதட்டினார்.

"காத்து போற வழிங்க. இங்க போட்டா அண்ணன் திட்டுவாரு."

வலை முழுவதும் வெளியே தெரிந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. பெட்டியில் குளிர் அளவைக் காட்டும் சிவப்பு எண்களையே பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். எண் மெல்ல இறங்கியது. மோட்டாரின் முக்கல் நின்று சீராக ஓடத் தொடங்கியது. செல்வி தன் மாலையைத் தலைமாட்டில் ஓரமாக வைத்தார். கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்து, போனில் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"சரியாயிடுச்சிண்ணே."

மறுநாள் அலுவலகத்தில் அந்த அழைப்பை முடித்துவைத்தேன். மாலைகள் ஓரமாகத்தான் இருந்தன, அண்ணே. காற்று தடையில்லாமல் போனது. நீங்கள் நிம்மதியாகக் கிளம்புங்கள், போனை நான் எடுக்கிறேன்.