மாப்பிள்ளை அனுப்பிய ராப் சிடி

தங்கைக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளையிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த சமயம். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் நெய்க்காரப்பட்டி. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கம்பெனி அவரை ஆறு மாதத்துக்கு அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தது. அவர் திரும்பியதும் தை மாதம் நிச்சயம் என்று இரண்டு வீட்டிலும் பேசியிருந்தோம். பார்சலில் எல்லாருக்கும் சாக்லேட்டும், தங்கை பெயர் எழுதிய ஒரு சிடியும் இருந்தன.

அப்பா சாக்லேட்டைத் தொடவில்லை. சிடியைத்தான் எடுத்தார். திண்டுக்கல்லில் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருந்தவர் அவர். எந்த பேரிங்கையும் காதருகே வைத்துச் சுழற்றிப் பார்க்காமல் வாங்கமாட்டார். மனிதர்களையும் கிட்டத்தட்ட அப்படித்தான். சிடியின் அட்டையில் ஒருவன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். தலையை மூடிய சட்டை, முகம் தெரியவில்லை. கீழ் மூலையில் கறுப்பு வெள்ளையில் ஒரு சின்னக் கட்டம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார். பெற்றோருக்கு எச்சரிக்கை, கெட்ட வார்த்தைகள் உண்டு என்று சொன்னேன்.

"பெத்தவங்களுக்குன்னுதான போட்ருக்கான்? அப்ப நம்மகிட்டதான சொல்றான்," என்றார் அப்பா.

அது ஓர் ஆங்கிலப் படத்தின் ஹிப் ஹாப் பாட்டுத் தொகுப்பு. அந்தப் படம் திண்டுக்கல்லுக்கு வரவே இல்லை. அப்பாவுக்குப் படத்தைப் பற்றிக் கவலையில்லை. இப்படி ஒரு சிடியைக் கட்டிக்கப்போகிற பெண்ணுக்கு அனுப்புகிறவன் எப்படிப்பட்டவன் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். என்னிடம் வேலையைக் கொடுத்தார். வேடசந்தூர் சாலையில் ஒரு நூல் மில்லில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். நூலை இழுத்துப் பார்த்து எங்கே மெலிகிறது, எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று எழுதுவதே என் பிழைப்பு. அதே மாதிரி எல்லாப் பாட்டையும் கேட்டு, நிறை ஒரு பக்கம் குறை ஒரு பக்கம் எழுதிக் கொடு என்றார். தங்கையிடம் சொல்லவேண்டாம் என்றும் சொன்னார்.

எனக்கும் மாப்பிள்ளை மேல் ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. பெண் பார்க்க வந்தபோது அவர் எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றே சொன்னார். காப்பியில் சர்க்கரை போதுமா என்றாலும் சரிங்க, வேண்டுமா என்றாலும் சரிங்க. அப்படி எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர் இந்த மாதிரிப் பாட்டு கேட்கிறவராக இருந்தால் எங்கோ இடிக்கிறது என்று எனக்குப் பட்டது.

தங்கை காலையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்விடுவாள். எனக்கு மதிய ஷிப்ட். அந்த இடைவெளியில் ஹாலில் விசிடி பிளேயரில் சிடியைப் போட்டுச் சத்தத்தைக் குறைத்துக் கேட்டேன். குறைத்தும் பயனில்லை. முதல் பாட்டிலேயே போலீஸ் சைரன், யாரோ ஓடுகிற சத்தம், பிறகு நெஞ்சுக்குள் விழுகிற மாதிரி ஒரு தாளம். கண்ணாடி அலமாரியில் இருந்த டம்ளர்கள் கிணுகிணுத்தன. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, இதை எத்தனை நாள் கேட்கவேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

பத்து நாள் கேட்டேன். முதல் இரண்டு நாள் குறைப் பக்கம்தான் நிறைந்தது. பதினாறு பாட்டு என்று போட்டிருந்தார்கள். அதில் நாலு பாட்டே இல்லை, யாரோ இரண்டு பேர் அரை நிமிடம் பேசிச் சிரிக்கிறார்கள். ஏழாவதிலிருந்து பெரும்பாலான பாட்டுக்கும் படத்துக்கும் சம்பந்தமே இருக்காது என்று தோன்றியது. ஆளாளுக்கு வந்து தன் பெயரைச் சொல்லி, தன் காரைச் சொல்லி, தன்னைப் போல் ஒருவன் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல நூலோடு மட்ட நூலைச் சேர்த்துச் சுற்றி நூல்கண்டின் கனத்தைக் கூட்டுகிற வேலை எனக்குத் தெரியும். அதைத்தான் இங்கேயும் செய்திருக்கிறார்கள் என்று எழுதினேன். பதினோராவது ஒரு காதல் பாட்டு. பாகு காய்ச்சி ஊற்றியது போல் இருந்தது.

மூன்றாம் நாளிலிருந்து நிறைப் பக்கத்திலும் எழுத வேண்டி வந்தது. இரண்டாவது பாட்டில் வாத்தியமே கிடையாது. கையால் மேசையைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், பின்னால் ஒரு கிழவி முனகுவது, அதன் மேல் ஒருவன் பேசுகிறான். அவ்வளவுதான். அதில் ஒரு பிசிறு இல்லை. ஒன்பதாவதில் வேலை போன ஒருவன் பஸ்ஸில் ஏறி, இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரைக்கும் போகிறான். நாலாவது ஒரு பெண் பாடியது. அவள் மூச்சு எங்கே எடுக்கிறாள் என்று கண்டுபிடிக்கவே நாலு தடவை கேட்டேன்.

கெட்ட வார்த்தைகளில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. அதனால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பாட்டு வரிகளைத் தேடி எடுத்தேன். அதை நடத்திய அக்கா எங்கள் தெருக்காரர். பக்கங்களை பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும்போது நாலாவது பாட்டின் தலைப்பைப் பார்த்து நிறுத்தினார்.

"இத உங்க தங்கச்சி ஆவணியிலேயே எடுத்துட்டுப் போச்சே. ஒனக்குமா வேணும்?"

பார்சல் வந்தது ஐப்பசியில். ஆவணியிலேயே அவளுக்கு இந்தப் பாட்டு எப்படித் தெரியும்? வீடு வந்து சேர்வதற்குள் மாப்பிள்ளை மேல் இருந்த என் சந்தேகம் முழுக்க அவள் மேல் திரும்பிவிட்டது. வகுப்பு முடிந்து எத்தனை மணிக்கு வருகிறாள், எந்தத் தோழியின் பெயரைச் சொல்கிறாள் என்று கவனிக்க ஆரம்பித்தேன். அவள் குளிக்கப் போனபோது அவளுடைய நோட்டைக்கூடப் புரட்டினேன். அதை இப்போது எழுதும்போதும் கூசுகிறது. நோட்டில் கம்ப்யூட்டர் பாடம்தான் இருந்தது. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அவளைக் காப்பாற்றவா, இன்னும் கொஞ்சம் துப்பு சேரட்டும் என்றா, எனக்கே நிச்சயமில்லை.

பாடல்களின் நிறை குறையை மட்டும் இரண்டு பக்கமாக எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பிய மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கும் வந்தார். தோப்புத் தேங்காய் ஒரு சாக்கு கொண்டுவந்திருந்தார். காப்பி குடித்து முடிக்கும் வரை அப்பா பொறுத்திருந்தார். பிறகு அந்தக் காகிதத்தை எடுத்து மடியில் விரித்தார்.

"மாப்ள, நீங்க அனுப்புன சிடியக் கேட்டோம். அதுல உங்களுக்கு எந்தப் பாட்டு புடிக்கும்?"

"எல்லாமே நல்லா இருக்குமுங்க மாமா. அந்த மெதுவா வர்ற பாட்டு ரொம்பப் புடிக்குமுங்க."

"மெதுவா மூணு இருக்கு. எது?"

"முதல்ல வர்றதுங்க."

அப்பா காகிதத்தைப் பார்த்தார். முதல் பாட்டுக்கு எதிரே சைரன், ஓட்டம், டம்ளர் அதிர்கிறது என்று நான் எழுதியிருந்தேன். முதல் பாட்டு மெதுவாகவா இருக்கும் என்று என்னைக் கேட்டார். மாப்பிள்ளையும் என்னைப் பார்த்தார். அவர் அந்தச் சிடியை ஒருநாளும் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துபோனது. யாருக்காகத் தெரிந்த மாதிரி பேசுகிறார் என்பதும் புரிந்தது. மெதுவென்று சொல்ல முடியாது என்றேன். வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

அடுப்படி வாசலில் நின்றிருந்த தங்கை ஹாலுக்கு வந்தாள்.

"அது நான் கேட்டு வாங்குனதுப்பா. அவருக்கு அந்தப் பாட்டப் பத்தி ஒன்னும் தெரியாது. அங்கிருந்து என்ன வேணும்னு ஈமெயில்ல கேட்டாரு. நான்தான் எழுதுனேன்."

எங்கள் வீட்டில் நிச்சயத்துக்கு முன் மாப்பிள்ளையோடு பேசுவதென்றால் ஞாயிற்றுக்கிழமை, ஹாலில் இருக்கிற போனில், எல்லாரும் இருக்கும்போதுதான். ஈமெயில் எப்போதிலிருந்து என்று அப்பா கேட்டார். ஆவணியிலிருந்து என்றாள். கல்லூரி விடுதி டிவியில் அந்தப் பெண்ணின் பாட்டை ஒரு தடவை பார்த்ததாகவும், அன்றிலிருந்து தேடிக்கொண்டிருந்ததாகவும் சொன்னாள்.

"அம்புட்டு தூரம் சொல்லி வாங்குற அளவுக்கு அதுல என்ன இருக்கு?" என்றார் அப்பா.

அவள் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள். "அவ ஆரம்பிச்சா முடிக்கிற வரைக்கும் பேசுறாப்பா. நடுவுல யாரும் குறுக்க வரல."

அப்பா அதற்கும் குறுக்கே எதுவும் சொல்லவில்லை. காகிதத்தை மடித்தார். மாப்பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பிட்டு எழும் வரை மாப்பிள்ளை காதில் விழுந்த ஒரே பேச்சு, ரசம் வேண்டுமா என்று அம்மா கேட்டதுதான். அதற்கு அவர் "சரிங்க" என்றார்.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் உனக்கு முன்பே தெரியுமா என்று அப்பா என்னிடம் கேட்டார். பாட்டு வரியை அவள் ஆவணியிலேயே எடுத்தது தெரியும் என்றேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னிடம் அவர் முகம் கொடுக்கவில்லை; கடை திறக்க நான் போகிற நாளில் சாவியைக்கூட அம்மா கையில்தான் கொடுத்தனுப்பினார்.

நிச்சயம் நடந்தது, கல்யாணமும் நடந்தது. கல்யாணத்துக்கு முன் ஒருநாள் தங்கை அந்தக் காகிதத்தை எங்கிருந்தோ எடுத்துப் படித்திருந்தாள். ஐந்தாவது பாட்டில் காதலியைக் கேவலமாகத் திட்டுகிறான் என்று எழுதியிருக்கிறாயே என்று கேட்டாள்.

"அவன் பொண்ண திட்டலண்ணே. அவன் பொறந்த தெருவத்தான் ஒரு பொண்ணு மாதிரி 'அவ'ன்னு சொல்லிட்டு வாரான். கடைசி வரிய நீ படிக்கவே இல்லையா?"

படித்திருந்தேன். கெட்ட வார்த்தை எத்தனை என்று தேடிக்கொண்டே படித்ததால் அது கண்ணில் படவில்லை. ஏன் என் நோட்டைப் புரட்டினாய் என்றும் கேட்டாள். அவளுக்கு அது தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

சில வருடம் கழித்து வத்தலக்குண்டில் ஒரு நண்பர் வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்தேன். படம் சுமார்தான். தொகுப்பில் இருந்ததில் பாதிப் பாட்டு படத்தில் இல்லை. அதில் என் சந்தேகம் சரி. ஆனால் பஸ் பாட்டு படத்தில் அரை நிமிடம் வந்து அறுந்துபோகிறது. சிடியில்தான் அது முழுசாக இருக்கிறது. படத்தை முதலில் பார்த்திருந்தால் அந்தப் பாட்டை நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

மாப்பிள்ளை நல்லவர்தான். இத்தனை வருடத்தில் அவர்மேல் ஒரு குறை சொல்ல எங்களுக்கு இடம் வைக்கவில்லை. அப்பாவுக்குப் பாட்டு ஒரு பொருட்டே இல்லாமல் போய்விட்டது. இம்புட்டு சுளுவாகப் பொய் சொல்ல வருகிறதே இவருக்கு என்பதுதான் அவர் மனதில் நின்றது. அது தங்கைக்காகச் சொன்ன பொய்தானே என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். இன்றைக்கும் தங்கையும் அவரும் ஊருக்கு வந்தால் அப்பா முதலில், வேலை எப்படி, வீட்டுச் சொந்தக்காரர் எப்படி, பிள்ளைக்குக் காய்ச்சல் எப்போது விட்டது என்று மாப்பிள்ளையிடம் தனியாகக் கேட்பார். பிறகு கொல்லைப்பக்கம் போய்த் தங்கையிடம் அதையே தனியாகக் கேட்பார். இருவர் சொல்வதும் ஒன்றாகவே இருக்கும். வரும் வழியிலேயே பேசி வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பார் என்னிடம்.